வீட்டுக் கணக்கு: மண்ணுக்குள் போகும் பணம்

இடார்சியிலிருந்து ஓர் அன்பர் நமக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருக்கிறார். இன்னும் மூன்று ஆண்டுகளில் ஓய்வு பெற இருப்பவர். நாகபுரிக்கு வெளியே மனை ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறார். "அஸ்திவாரம் தோண்டுவதற்கு நம் ஊரிலிருந்தே நாலு ஆட்களை வரவழைத்துக்கொண்டால் என்ன? இங்குள்ள காண்டிராக்டர்களை நம்பலாமா? பேரம் பேசும் அளவுக்கு நமக்கு ஹிந்தி வராதே!" என்பது அவர் கேள்வி. இக்கேள்வி அவர் ஒருவருக்கே உரியதன்று. சென்ற பொங்கல் விழாப் பந்தியில் நமக்கு இருபுறமும் அமர்ந்திருந்த அன்பர்கள், பாயசம் வரும்வரையில் இதையே பேசிக்கொண்டிருந்தனர். ஆகவே இம்மாதப் பகுதியை மண் வெட்டும் காரியத்துக்கே ஒதுக்கிவிட்டோம். பள்ளிக்கூடச் சம்பளத்தைப் பற்றி எழுதுவதாகச் சென்ற இதழில் வாக்களித்திருந்தோம். அது ஒரு மாதம் பொறுத்திருக்கட்டும்.

நாம் எஞ்சினியர் அல்லோம். பத்தாம் வகுப்புத் தேறி, ரயில்வே சரக்கு அலுவலகத்தில் ரசீது எழுதிப் பிழைப்பவர்கள் கூட்டத்தைச் சேர்ந்தோம். ஆயினும் 2023-ஆம் ஆண்டில், ஹிங்கணா சாலைப் பக்கத்தில் 1,200 சதுர அடி மனையில் ஒரு சிறு வீடு எழுப்பியபோது மூன்று முறை பள்ளம் வெட்டுவித்தோம். முதல் முறை பணம் இழந்தோம். இரண்டாம் முறை ஓர் இளைஞன் உயிரையே இழக்க இருந்தான். அதில் நம்முடைய குற்றமும் உண்டு. மூன்றாம் முறைதான் காரியம் ஒழுங்காக நடந்தது. இம்மூன்றையும் மறைக்காமல் எழுதுவதே அன்பருக்குச் சரியான பதிலாகும் என்று எண்ணுகிறோம்.

முதலில் ஊர் ஆட்கள் விஷயம். நம் மாமனார் விழுப்புரம் பக்கத்தவர். வீடு கட்டப் போகிறோம் என்ற செய்தி எட்டியதும், "மாப்பிள்ளை, நீங்கள் ஒன்றுக்கும் கவலைப்படாதீர்கள். நம் கொத்தனாரையும் நாலு ஆட்களையும் ரயிலேற்றி விடுகிறேன். மூன்றடி வெட்டினால் கெட்டித் தரை வந்துவிடும். பத்து நாள் வேலை" என்று தொலைபேசியில் உறுதி கூறினார். அவர் தெருச் செம்மண்ணுக்கு அது சரியான கணக்குத்தான். ஆனால் இங்கே நம் காலடியில் கிடப்பது கரிசல்.

இந்தக் கரிசல், தக்காணத்து எரிமலைக் குழம்பு இறுகி உண்டான கரும்பாறை, கோடிக்கணக்கான ஆண்டுகளில் உளுத்துப் பொடிந்து ஏற்பட்ட மண். மான்ட்மோரில்லோனைட் என்னும் களிமண் வகை இதில் மிகுதி. அது தண்ணீரைக் குடித்தால் உப்பும். காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். மே மாத வெயிலில் வெடிப்புக்குள் விரலென்ன, கையையே நுழைக்கலாம். ஆகஸ்டு மாதத்தில் அதே நிலம் பொங்கி எழுந்து நிற்கும். கோவில்பட்டி, சாத்தூர்ப் பக்கத்து அன்பர்களுக்கு இதை நாம் சொல்ல வேண்டுவதில்லை. ஆண்டுதோறும் மூச்சு விட்டு மூச்சு வாங்குகிற இந்த மண்ணின்மேல் வீட்டை உட்கார வைத்தால், சுவரில் மூலைக்கு மூலை கோணலாகக் கீறல் விழாமல் என்ன செய்யும்?

கரிசலுக்கு அடியில், பாறை பாதி உளுத்த நிலையில் சரளையாகக் கிடக்கும் கெட்டியான ஓர் அடுக்கு உண்டு. இதற்கு இங்கே முரூம் என்று பெயர். சாதாரண வீட்டின் அஸ்திவாரம் அந்த முரூமைத் தொட்டு உட்கார வேண்டும். ஒரு மனையில் மூன்றடியிலேயே முரூம் தலை காட்டும். நாலு மனை தள்ளி எட்டடி போனாலும் கரிசலே வந்துகொண்டிருக்கும். அப்படி ஆழம் மிகுந்த இடங்களுக்கென்று, ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையத்தார் அடிப்பகுதி குடம்போல் அகன்ற ஒருவகைத் தூண் அஸ்திவாரத்தை வகுத்துத் தந்திருக்கின்றனர். ஆழ்ந்த கரிசலில் அத்தூண்கள் குறைந்தது மூன்றரை மீட்டர் நீளம் இருக்க வேண்டும் என்பது விதி. அது எஞ்சினியர் முன்னின்று செய்யும் வேலை. அதை நாம் இங்கே விவரிக்கப் போவதில்லை.

விழுப்புரத்துக் கொத்தனார் எவ்வளவு கைதேர்ந்தவராயினும், நாலாவது மனையில் முரூம் எத்தனை அடியில் இருக்கிறது என்பது அவருக்கு எப்படித் தெரியும்? அது அதே தெருவில் பத்துப் பள்ளம் வெட்டியவருக்குத்தான் தெரியும். ஆகவே, உள்ளூர்க்காரர் வேண்டும் என்பதே நம் கட்சி. ரயில் கட்டணமும் சாப்பாட்டுச் செலவும் இரண்டாம் பட்சம்.

செலவில்லாமல் மண்ணைப் பார்க்க ஒரு வழி உண்டு. நகரத்துக்கு வெளியே உள்ள மனைகள் பெரும்பாலும் முன்பு வயல்களாக இருந்தவை. பக்கத்தில் எங்கேனும் ஒரு பழைய கிணறு இருக்கும். பகல் பன்னிரண்டு மணி வெயிலில், அல்லது டார்ச்சு விளக்குடன், அதன் உட்சுவரைப் பாருங்கள். மேலே கறுப்பு, அதன் கீழே பழுப்பும் மஞ்சளும் கலந்த முரூம், அதற்கும் கீழே கரும்பாறை என்று அடுக்கடுக்காக எழுதி வைத்தாற்போலத் தெரியும். கயிறு ஒன்றை இறக்கி அளந்துகொள்ளலாம். இதை நமக்குச் சொல்லிக் கொடுத்தவர் நாம் பின்னால் அமர்த்திய டேகேதாரே. காண்டிராக்டரை இங்கே அவ்வாறுதான் அழைக்கிறார்கள்.

அவரை அமர்த்திய கதை இது. அலுவலக நண்பர்கள் மூவரின் பெயரைக் கொடுத்தனர். ஒருவர் மனையைப் பாராமலே தொலைபேசியில் மொத்தத் தொகை கூறினார். மற்றொருவர் வந்தார், மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. மூன்றாமவர் கையில் கடப்பாரையுடன் வந்து மனையின் நாலு மூலையிலும் குத்திப் பார்த்தார். மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று கேட்டார். யந்திரம் எங்கே திரும்பும் என்று அடி போட்டு அளந்தார். பிறகு கிணற்றைக் காட்டச் சொன்னார். அவர் சொன்ன தொகை மற்ற இருவர் சொன்னதைவிட அதிகமே. ஆயினும், அவர் இரண்டு ஆண்டுகளுக்கு முன் அஸ்திவாரம் வெட்டிய வீடொன்றைப் போய்ப் பார்த்தோம். இரண்டு கோடையும் இரண்டு மழையும் கண்ட சுவர். ஒரு கீறலும் இல்லை. புது வீட்டைக் காட்டினால் பார்க்காதீர்கள். ஒரு மழைக்காலமாவது கழிந்த வீட்டைக் காட்டச் சொல்லுங்கள்.

மே மாதத்தில் அஸ்திவாரம் தொடங்கினோம். ஒன்பது தூண் குழிகள். ஒவ்வொன்றும் நாலுக்கு நாலடி, ஆழம் ஐந்தரை அடி. ஜே.சி.பி. யந்திரத்துக்கு மணிக்கு 1,200 ரூபாய் என்று அவ்வாண்டில் பேசினோம். யந்திரம் வேலை செய்தது நாலு மணி நேரம். சீட்டில் எழுதப்பட்டதோ ஆறரை மணி. ஏனென்று விசாரித்தால், அது தன் இருப்பிடத்திலிருந்து வந்து திரும்பியது ஒரு மணி. நம் கொத்தனார் சுண்ணாம்புக் கோடு போட்டு முடிக்காததால் காத்து நின்றது ஒன்றரை மணி. ஆக 4,800 ரூபாய்க்கு முடிய வேண்டிய வேலை 7,800 ரூபாயில் முடிந்தது. சரக்குக் கொட்டகையில் வாகனை நேரத்துக்குள் காலி செய்யாத வியாபாரியிடம் டெமரேஜ் வசூலிக்கிறவர் நாம்! அன்றைக்கு நாமே டெமரேஜ் கட்டினோம். குற்றம் டேகேதாருடையதன்று. கடிகாரம் எப்பொழுது தொடங்கும் என்று நாம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கோடுகளை முதல் நாள் மாலையே போட்டுவிட வேண்டும். யந்திரம் நுழைய ஏழரை அடி அகலமாவது வழி வேண்டும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்க. தலைக்கு மேலே மின்சாரக் கம்பி இருந்தால், ஓட்டுபவரிடம் முன்னதாகவே விரலை நீட்டிக் காட்டிவிட வேண்டும்.

யந்திரத்துக்கு வலிமை உண்டு, நிதானம் கிடையாது. ஒரு குழியில் ஓட்டுநர் கூடுதலாக ஓரடி ஆழம் இறக்கிவிட்டார். உடனே, வாரிய மண்ணையே திரும்பத் தள்ளி மட்டம் செய்யப் போனார். கொத்தனார் கையைப் பிடித்துத் தடுத்தார். கிளறிப் போட்ட மண்ணின்மேல் தூண் நின்றால் அந்த ஒரு தூண் மட்டும் இறங்கும். வீடு முழுவதும் அதன் பின்னால் இழுபடும். மெலிந்த கான்கிரீட்டைக் கொண்டு அந்த ஓரடியை நிரப்பினோம். அதற்குப் பின் மற்றக் குழிகளில் கடைசி அரையடியை யந்திரத்துக்கு விடாமல் மண்வெட்டி கொண்டு வெட்டச் சொன்னோம். வெட்டிய குழியைத் திறந்து போட்டு வைக்காமல் மறுநாளே அடித்தளக் கான்கிரீட் போட்டுவிட்டோம். ஒரு மழை விழுந்தால் குழியின் அடி மண் கூழாகிவிடும்.

இனி, சொல்லக் கூசும் பகுதிக்கு வருகிறோம்.

ஜூன் மாதம் தண்ணீர்த் தொட்டிக்குப் பள்ளம் வெட்ட வேண்டியிருந்தது. எட்டடி நீளம், ஆறடி அகலம், ஏழடி ஆழம். அதற்குள் தூண்கள் எழுந்துவிட்டதால் யந்திரம் நுழைய வழியில்லை. ஆட்களே வெட்ட வேண்டும். அதே டேகேதார் 11,000 ரூபாய் கேட்டார். அத்துடன் பலகையும் முட்டுக் கட்டைகளும் வாடகைக்குக் கொண்டுவர 1,800 ரூபாய் தனியே என்றார். நாம் பேரத்தில் இறங்கினோம். பேரம் பேசத் தெரியாத மதராசி என்று அவர் நினைத்துவிடக் கூடாதென்று ஓர் அற்ப ரோஷம். "கட்டடத்துக்கா பலகை? குழிக்கு எதற்குப் பலகை? அதை விட்டுவிடும்" என்று சொல்லி, 10,500 ரூபாய்க்கு முடித்துவிட்டோம். அவர் ஒருமுறை தலையைச் சொறிந்துகொண்டார். பிறகு "டீக் ஹை, பாபுஜி" என்றார். அன்றிரவு வீட்டில் அதைப் பெருமையாகவே சொல்லிக்கொண்டோம்.

மண்ணைப் பற்றியும் பேச்சு நடந்தது. "மிட்டி பாஹர்" என்றோம். "பாஹர், பாஹர்" என்று அவரும் ஒத்துக்கொண்டார். மண்ணை மனைக்கு வெளியே கொண்டுபோய்விட வேண்டும் என்பது நம் எண்ணம். குழிக்கு வெளியே எடுத்துப் போட்டால் போதும் என்பது அவர் எண்ணம். ஒரே சொல், இருவரும் தலையாட்டினோம். இரண்டு நாட்களில் ஏழடிக் குழியின் விளிம்பிலேயே ஆள் உயரத்துக்கு மண் குவிந்துவிட்டது. அலுவலகத்திலிருந்து வந்து பார்த்தபோது சற்று எரிச்சல் உண்டாயிற்று. ஞாயிற்றுக்கிழமை கேட்டுக்கொள்ளலாம் என்றிருந்துவிட்டோம்.

வெள்ளிக்கிழமை இரவு அவ்வாண்டின் முதல் பெருமழை பெய்தது. சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, பாலாகாட் மாவட்டத்திலிருந்து பிழைக்க வந்த இருபது வயது இளைஞன், அடியில் தேங்கிய தண்ணீரை வாளியால் இறைக்க உள்ளே இறங்கினான். பத்து வாளி இறைத்திருப்பான். தெற்குப் பக்கத்துச் சுவர் சத்தமில்லாமல் சரிந்தது. மேலே குவித்திருந்த மண்ணும் அதனுடன் இறங்கியது. இடுப்பு வரையில் புதைந்து போனான். ஈர மண் ஒரு கன அடி ஏறக்குறைய 50 கிலோ. அதாவது ஒரு சிமெண்டு மூட்டை. அவன்மேல் விழுந்தது இருபது மூட்டைக்குக் குறையாது. இன்னும் இரண்டடி குனிந்திருந்தால் இக்கட்டுரையை எழுதும் துணிவு நமக்கு இருந்திராது.

அவனுடைய கூட்டாளி உடனே குதிக்கப் போனான். அடுத்த மனைப் பெரியவர் ஒருவர் அவனைத் தோளைப் பிடித்து நிறுத்தினார். எஞ்சிய பக்கமும் சரிந்தால் இருவரும் போய்விடுவர். முதலில் விளிம்பில் இருந்த மண்ணை அப்புறப்படுத்தி, கொத்தனாரின் சாரப் பலகைகளைக் குறுக்கே கொடுத்து முட்டு வைத்து, அதன் பிறகே இறங்கினர். கால்களுக்குப் பக்கத்தில் மண்வெட்டி போடாமல் கையாலேயே வாரினர். நாற்பது நிமிஷம் பிடித்தது. அவ்வளவு நேரமும் அவன் அழவில்லை. தன் செருப்பு உள்ளே மாட்டிக்கொண்டது என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். 112 என்ற எண்ணுக்குத் தொலைபேசி செய்ய வேண்டும் என்பதுகூட நமக்கு அப்பொழுது தோன்றவில்லை. இதைப் படிப்பவர்களுக்காவது அது தோன்றட்டும்.

கணுக்கால் எலும்பு முறிந்திருந்தது. ஆறு வாரம் மாவுக் கட்டு. டேகேதார் ஓடி ஒளியவில்லை. ஆட்டோவில் அவனை மடியில் சாய்த்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர் அவரே. மருத்துவச் செலவையும் ஆறு வாரக் கூலியையும் இருவரும் பாதிப் பாதியாக ஏற்றோம். நம் பங்குக்கு வந்த தொகை, மிச்சம் பிடித்த 1,800 ரூபாயைப்போல் எட்டு மடங்கு. கணக்கு அதோடு முடியவில்லை. அன்று மாலை இல்லத்தரசி நம்மிடம் கேட்டது ஒரே கேள்வி: "பலகைக்கு என்று அவர் பணம் கேட்டபோது, எதற்குப் பலகை என்று நீங்கள் சொன்னீர்களே, அதைக் கேள்வியாகவா கேட்டீர்கள்?" நாம் கேள்வியாகக் கேட்கவில்லை. மூட்டை அடுக்கு சரிந்துவிடும் என்று ஹமால்களை ஓயாமல் எச்சரிக்கிறவர், மண்ணடுக்கு சரியும் என்று நினைக்கவில்லை.

பின்னர்தான் விசாரித்தறிந்தோம். பள்ளம் வெட்டும் வேலையின் பாதுகாப்புக்கென்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஒரு விதிமுறையே வெளியிட்டிருக்கிறது. ஒன்றரை மீட்டருக்கு, அதாவது சுமார் ஐந்தடிக்கு மேற்பட்ட பள்ளமானால் பக்கங்களுக்குப் பலகை வைத்து முட்டுக் கொடுக்க வேண்டும் என்றும், வெட்டிய மண்ணை விளிம்பை விட்டுத் தள்ளியே குவிக்க வேண்டும் என்றும் அதில் கண்டிருக்கிறது. நம்முடைய குழி ஏழடி. டேகேதார் விதியைப் படித்தவரல்லர், அனுபவத்தால் கேட்டார். நாம் படித்தவர், அதை அடித்து எழுதினோம்.

மூன்றாவது பள்ளம் மலத்தொட்டிக்காக, மழை ஓய்ந்து டிசம்பர் மாதத்தில். இம்முறை ஒரு முழுத்தாளில் எல்லாவற்றையும் எழுதினோம். எழுதியது நாம், ஹிந்தியில் சரிபார்த்துக் கொடுத்தது எட்டாம் வகுப்பு வாசிக்கும் நம் மகள். நம் குழந்தைகள் இந்த ஊர்ப் பாஷையில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். இடார்சி அன்பர் தம் பேரக் குழந்தைகளைக் கூசாமல் துணைக்கு அழைத்துக்கொள்ளலாம். டேகேதாருக்கு வாசித்துக் காட்டினோம். அவர் சில இடங்களில் திருத்தினார். திருத்தியவை நியாயமாகவே இருந்தன.

தாளின் முதல் வரி பலகையும் முட்டும்; அதற்குப் பேரம் கிடையாது. அடுத்து, ஆழம் எங்கிருந்து அளக்கப்படும் என்பது. குவித்த மண்ணின் தலையிலிருந்து அளந்தால் ஆறடி என்பது நாலரை அடியாகிவிடும். பக்கத்து மதிற்சுவரில் சுண்ணாம்பால் ஒரு குறி போட்டு, அதிலிருந்து என்று எழுதினோம். "பாஹர்" என்ற சொல்லை அடியோடு விட்டுவிட்டு, மண் எந்த இடத்துக்குப் போகும், யார் ஏற்றுவார், எத்தனை நாளில் என்று விவரித்தோம். பாறை குறுக்கிட்டால் உடைக்கும் யந்திரத்துக்கு என்ன விலை என்பதை டேகேதாரே சேர்க்கச் சொன்னார். பாறை வந்த பிறகு விலை பேசினால் அது பேரமாக இராது, பிணையாக இருக்கும் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். பணத்தில் மூன்றிலொரு பங்கு முதலில். மற்றொரு பங்கு பள்ளத்தை அளந்து பார்த்தபின். எஞ்சியது சுற்றிலும் மண் நிரப்பி முடிந்தபின். நிரப்பும் மண்ணை அரையடி அரையடியாகப் போட்டு, தண்ணீர் தெளித்துத் திமிசுக்கட்டை கொண்டு இடிக்க வேண்டும் என்பதையும் சேர்த்தோம். நாம் ரயில்வே ரசீதில், பெட்டியைத் திறந்து பாராமலே, உள்ளே இன்ன சரக்கு இருப்பதாக அனுப்புவோர் சொல்லுகிறார் என்று எழுதி விடுகிறோம். மண் வேலையில் அப்படி எழுதிக்கொடுக்க முடியாது. மூடிய பிறகு திறந்து பார்க்கிறவர் யார்? ஆகையால் மூடுமுன் ஒரு நாள் சாதாரண விடுப்பு எடுத்துக்கொண்டு குழிக்கருகில் நின்றோம். ஒவ்வொரு பக்கத்தையும் கைத்தொலைபேசியில் படம் பிடித்து வைத்தோம்.

அப்படியும் ஒரு தகராறு வந்தது. மண் வேலையை மகாராஷ்டிரத்தில் பிராஸ் என்ற அளவால் கணக்கிடுகிறார்கள். ஒரு பிராஸ் என்பது நூறு கன அடி. நம் பள்ளம் எட்டடி நீளம், ஐந்தடி அகலம், ஆறடி ஆழம். 240 கன அடி, அதாவது 2.4 பிராஸ். ஆனால் டிராக்டர் டிரெய்லரில் மூன்று நடை மண் போயிற்று. ஒவ்வொரு நடையும் ஒரு பிராஸ் என்று டேகேதார் மூன்று பிராஸுக்குப் பணம் கேட்டார். அவரும் பொய் சொல்லவில்லை, நம் கணக்கும் பிசகவில்லை. நிலத்தில் இறுகிக் கிடக்கும் மண்ணை வெட்டிக் கிளறினால் நாலில் ஒரு பங்கோ அதற்குச் சற்று மேலோ பருத்துவிடுகிறது. அரை மணி நேரம் பேசியபின், வெட்டுக் கூலிக்குப் பள்ளத்தின் அளவு, ஏற்றிச் செல்லும் கூலிக்கு நடையின் எண்ணிக்கை என்று தீர்த்துக்கொண்டோம். இதையும் முதலிலேயே எழுதியிருக்கலாம்.

மண்ணையும் தரம் பிரித்துப் போடச் சொல்ல வேண்டும். மேலே வரும் கரிசலைக் கொண்டு வீட்டின் தரைக்கு அடியை நிரப்பக் கூடாது. தரை பின்னால் உப்பி எழும். அது தோட்டம் போடுகிறவர்களுக்கு உகந்தது; கேட்டு வாங்கிப் போவார்கள். கீழே வரும் முரூமோ தரை நிரப்பப் பயன்படும் பொருள். வெளியில் வாங்கினால் காசு. இரண்டையும் ஒரே குவியலில் கலந்துவிட்டால் இரண்டும் கெட்டது. முதல் பள்ளத்தில் அதையும் கலக்கவிட்டு, பிறகு இரண்டு நடை முரூமை விலைக்கு வாங்கினோம் என்பதை இங்கே ஒப்புக்கொள்ளுகிறோம்.

நம் சங்கத்து அம்மையார் ஒருவர், பழைய மலத்தொட்டியை இடித்துவிட்டு அதே இடத்தில் புதிது கட்டலாமா என்று கேட்டிருந்தார். கட்டலாம். ஆனால் பழைய தொட்டியைக் காலி செய்ய எந்த மனிதரையும் உள்ளே இறக்கக் கூடாது. உள்ளே தங்கியிருக்கும் நச்சுவாயு ஒருவரையும், அவரைத் தூக்கப் போனவரையும் சேர்த்தே கொன்றுவிடும். பாதுகாப்பின்றி ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமுமாகும். உறிஞ்சு யந்திரம் பொருத்திய லாரியை வரவழைத்து வெறுமையாக்கி, மூடியைத் திறந்து போட்டு வைத்து, வெளியிலிருந்தே யந்திரத்தால் இடிக்கச் செய்க. கழிவுநீர் ஊறும் குழியைக் கரிசலோடு நிறுத்திவிடுவதும் வீண். நனைந்த கரிசல் தண்ணீரை உறிஞ்சாது. முரூம் வரை போக வேண்டும். குடிதண்ணீர்க் கிணற்றுக்கும் அதற்கும் 18 மீட்டராவது இடைவெளி வேண்டும் என்பது விதி. மனை சிறியதானால் பக்கத்து மனைக் கிணற்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்க.

சாலையோரத்தில் தோண்டுவது தனிக் கதை. அங்கே தொலைபேசிக் கம்பியும் தண்ணீர்க் குழாயும் எங்கே ஓடுகின்றன என்பது நமக்கும் தெரியாது, டேகேதாருக்கும் தெரியாது. தோண்டப் போகிறவர், அடியில் கம்பியும் குழாயும் பதித்திருப்பவர்களுக்கு முன்னறிவிப்புக் கொடுப்பதற்கென்று 'கால் பிஃபோர் யு டிக்' என்னும் கைத்தொலைபேசிச் செயலியை மத்திய அரசு 2023-ஆம் ஆண்டு மார்ச்சு 22-ஆம் தேதி தொடங்கி வைத்தது. சாலையை வெட்ட நகராட்சியின் அனுமதியும் வேண்டும். டேகேதார் "பார்த்துக்கொள்ளலாம், பாபுஜி" என்று சொன்னால், அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் பேச்சைக் கேளாதீர்கள்.

டிசம்பர் வேலைக்கு அந்தப் பாலாகாட் இளைஞனும் வந்திருந்தான். நடையில் சிறிது தயக்கம் இருந்தது. குழியின் விளிம்பில் நின்று பலகைகளைக் கையால் தட்டிப் பார்த்தான். முட்டுக் கட்டையை ஒருமுறை உதைத்துப் பார்த்தான். பிறகே ஏணியில் இறங்கினான். இல்லத்தரசி அவனுக்கென்று இட்லி வைத்திருந்தாள். மேலே வந்து சாப்பிட்டுவிட்டு, தண்ணீர்த் தொட்டியில் தண்ணீர் நிற்கிறதா என்று கேட்டான். மூடியைத் திறந்து காட்டினோம். வெகுநேரம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இடார்சி அன்பர் கோடையில்தான் வேலை தொடங்க முடியும் என்று எழுதியிருக்கிறார். தொடங்கலாம், ஆனால் ஜூன் பிறப்பதற்குள் அஸ்திவாரம் மண்ணுக்கு மேலே வந்துவிட வேண்டும். அடுத்த மாதம் மனையைப் பார்க்க வருவதாகவும் தெரிவித்திருக்கிறார். வரும் தேதியை முன்கூட்டியே எழுதினால் நாம் விடுப்பு எடுத்துக்கொள்வோம். டேகேதாரையும் வரச் சொல்லலாம். அவர் மனைக்குக் கிழக்கே புளியமரத்தடியில் ஒரு பழைய கிணறு இருப்பதாக விசாரித்து வைத்திருக்கிறோம். கயிறும் டார்ச்சு விளக்கும் நம்மிடம் உள்ளன.